அட்டாலியில் கிடக்கும் பழைய ரவுட்டரா, கடையில் விற்கும் எக்ஸ்டெண்டரா?

காங்கயத்துக்குத் தெற்கே, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவில் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கட்டிய தொட்டிக்கட்டு வீடு இருக்கிறது, நடுவில் தொட்டி என்னும் திறந்த முற்றம் வைத்த வீடு. இப்போது அங்கே மாமா குடும்பம். ஃபைபர் இணைப்பு வந்த பிறகு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், வைஃபை நன்றாகக் கிடைக்கிறது. தொட்டியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனால் பாதிதான். அதற்கும் பின்னால் புதிதாகக் கட்டிய தார்சு (காங்கிரீட் கூரை) அறையில் சுத்தமாக இல்லை. அம்மாயி (அம்மாவின் அம்மா) படுப்பது அந்த அறையில். கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தியை வீடியோ காலில் பார்க்க, ராத்திரி எழுந்து ஆசாரம் வரைக்கும் வருவார். எண்பது வயதில், உயரமான வாசற்படிகள் உள்ள வீட்டில், இருட்டில் அப்படி நடப்பது எனக்குப் பயமாக இருந்தது.

"மாப்ள, முன்னால போன் லைனுக்குக் குடுத்த பொட்டி ஒண்ணு அட்டாலில கெடக்குது. அத வெச்சு ஏதாச்சும் ஆகுமா, இல்லை புதுசு வாங்கோணுமா?" என்று மாமா கேட்டார். அட்டாலி என்றால் பரண்.

"அந்த ரூமுக்கு ஒயர் இழுக்க முடிஞ்சா அதுவே போதுமுங்க மாமா. முடியாதுன்னா வாங்கிக்கலாமுங்க" என்றேன்.

நான்கைந்து வீடுகளில் இந்த வேலையைச் செய்து பார்த்த பிறகும் என் பதில் இதுதான். பழைய ரவுட்டர் பயன்படுமா என்று கேட்பவர்கள் பெட்டியின் வயதைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வழியில் கேபிள் போகுமா என்பதை. கேபிள் போகும் இடத்தில், பத்து வருஷப் பழைய பெட்டிகூட, வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி வீசும் இரண்டாயிரம் ரூபாய் எக்ஸ்டெண்டரைவிட நன்றாக வேலை செய்யும். கேபிள் போகாத இடத்தில் பழைய பெட்டியோடு மல்லுக்கட்டுவது நேர விரயம்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. இருக்கும் ரவுட்டரை நகர்த்திப் பார்ப்பது. ஃபைபர் இழுக்க வருகிறவர் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அது பெரும்பாலும் வாசல் ஓரம், டிவிக்குப் பின்னால், அல்லது இரும்பு பீரோ பக்கத்தில் இருக்கும். இரும்பும் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள உலோகப் பூச்சும் சிக்னலுக்கு எதிரி. இன்னும் பத்து மீட்டர் ஃபைபர் கேபிள் விட்டு வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் மாட்டித் தரச் சொன்னால் பெரும்பாலான சின்ன வீடுகளுக்கு அதுவே போதும். தொட்டிக்கட்டு வீடு அப்படியில்லை. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர் ஒன்றரை அடி கனம். ரவுட்டர் வீசும் இரண்டு அலைவரிசைகளில், அப்படி இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை செத்துவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், ஆனால் மூன்றாவது சுவரில் அதுவும் தளர்ந்துவிடும். நகர்த்திப் பார்த்தோம், பின்கட்டு தேறியது, தார்சு அறை தேறவில்லை.

சிக்னலை அளக்க, போனில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அனலைசர் செயலி ஏதாவது ஒன்று போதும். எண்கள் கழித்தல் குறியோடு வரும். கழித்தல் 50 அருமை. கழித்தல் 67 வரைக்கும் வீடியோ கால் தடுமாறாமல் ஓடும். கழித்தல் 80 என்று காட்டினால் போனில் கோடு தெரியுமே தவிர ஒன்றும் நகராது. அம்மாயி கட்டில் மேல் வைத்துப் பார்த்தபோது கழித்தல் 84.

இனி பழைய பெட்டியை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றும் வழி. பெயர் பெரிதாக இருக்கிறது, விஷயம் எளிது. புது ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து (கம்ப்யூட்டர் போன்ற வீட்டுக் கருவிகளைச் செருகும் துளை) ஒரு கேபிள் போய்ப் பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டில் நுழைகிறது. இணையம் கம்பி வழியாகவே அறை வரைக்கும் வந்துவிடுகிறது. கடைசிப் பத்தடியை மட்டும் பழைய ரவுட்டர் வைஃபையாகக் கொடுக்கிறது. சுவர்கள் வழியில் இல்லாமலே போய்விடுகின்றன, வேகமும் குறைவதில்லை. போன் லைன் காலத்து ஏடிஎஸ்எல் மோடத்தையும் இப்படிப் பயன்படுத்தலாம். போன் கம்பி நுழையும் துளையைச் சும்மா விட்டுவிட்டு, லேன் துளைகளை மட்டும் பார்த்தால் போதும்.

செய்முறை இது. முதலில் புது ரவுட்டரோடு சேர்க்காமல், பழைய பெட்டியைத் தனியாக மேசை மேல் வையுங்கள். பின்பக்கம் உள்ள சின்னத் துளைக்குள் குண்டூசி விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் பழைய கடவுச்சொல்லெல்லாம் அழிந்துவிடும். கம்ப்யூட்டரை லேன் போர்ட்டில் செருகி 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று பிரவுசரில் அடித்தால் உள்ளே போகலாம். சரியான முகவரி பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். உள்ளே மூன்று மாற்றம். ஒன்று, வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் புது ரவுட்டரில் உள்ளதைப் போலவே வைப்பது. இரண்டு, பெட்டியின் சொந்த முகவரியை மாற்றுவது. புது ரவுட்டர் 192.168.1.1 என்றால் இது 192.168.1.2 ஆகட்டும். புது ரவுட்டர் மற்ற போன்களுக்குக் கொடுக்கும் முகவரி வரிசையில் இந்த எண் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, டிஹெச்சிபி என்பதை அணைப்பது.

இந்த மூன்றாவதை ஒருமுறை மறந்துவிட்டேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் போன், டிவி எல்லாவற்றுக்கும் முகவரி எண் கொடுக்கும் வேலைக்குப் பெயர்தான் டிஹெச்சிபி. ஒரு வீட்டில் அந்த வேலையை ஒருவர்தான் செய்ய வேண்டும். பல்லடத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரண்டு பெட்டியும் எண் கொடுத்துக்கொண்டிருந்தன. புது ரவுட்டரிடம் எண் வாங்கிய போன்களில் நெட் வந்தது, பழையதிடம் வாங்கியவற்றில் வரவில்லை. போனை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகும், சில நேரம் கெடும். கேபிளில் கோளாறு என்று நினைத்து இரண்டு முனையையும் மறுபடி கிரிம்ப் செய்தேன். அரை நாள் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. அவர்கள் வீட்டுப் பையனுக்கு அன்று ஆன்லைன் தேர்வு. எதிர்வீட்டுக்குப் போய் எழுதினான்.

சில ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்றே ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் இதெல்லாம் தானாக நடந்துவிடும், வேன் (WAN) போர்ட்டிலும், அதாவது வெளியிலிருந்து இணையம் வரும் கம்பிக்கான துளையிலும், கேபிள் செருகலாம். அந்தத் தேர்வு இல்லாத பெட்டியில் வேன் போர்ட்டைத் தொடாதீர்கள். அதில் செருகினால் பழைய ரவுட்டர் தனியாக இன்னொரு வலையமைப்பை உருவாக்கிவிடும். நெட் வரும். ஆனால் இந்தப் பக்கத்து போனிலிருந்து அந்தப் பக்கத்து பிரிண்டரும் கேமராவும் எளிதில் கண்ணில் படாது.

சேனல் எண்ணையும் கவனியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. புதியது 1 என்றால் பழையதை 6 அல்லது 11-இல் வையுங்கள். இதில் ஒரு குறையும் உண்டு. ஆசாரத்திலிருந்து போனோடு நடந்து வந்தால், அது பழைய பிடியை விடாமல் தொலைவில் உள்ள ரவுட்டரையே பற்றிக்கொண்டிருக்கும். எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. ரவுட்டரின் பவர் அளவைக் குறைக்க வழி இருந்தால் குறைத்து வைக்கலாம், அப்போது சீக்கிரம் மாறும். அம்மாயி ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுகிறவர், அவருக்கு இந்தக் குறை தெரியவே இல்லை.

பழைய பெட்டியில் எவ்வளவு வேகம் கிடைக்கும்? 2009-க்குப் பிறகு வந்த ‘என்’ (N) வகை ரவுட்டராக இருந்தால், அட்டையில் 300 என்று போட்டிருக்கும். ஆனால் பெரும்பாலும் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் தான், அதற்கு மேல் போகாது. அதற்கும் முந்தைய ‘ஜி’ (G) வகையில் 54 என்று எழுதியிருக்கும், கைக்கு வருவது இருபது சொச்சம். உயர்தரத்தில் ஒரு படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும், வீடியோ காலுக்கு அதைவிடக் குறைவு. ஆகவே அம்மாயி அறைக்கு ஜி வகையே தாராளம். அந்த அறையில் உட்கார்ந்து பெரிய பெரிய ஃபைல்களை ஏற்றி இறக்கும் வேலை யாருக்காவது இருந்தால் மட்டும் புதிய ஆக்சஸ் பாயின்ட் ஒன்று வாங்குங்கள். அப்போதும் கேபிள் கேபிள்தான், பெட்டி மட்டும் மாறும்.

மின்சாரச் செலவைப் பலர் கேட்கிறார்கள். ஆறு வாட் இழுக்கும் பெட்டி இரண்டு மாதம் அணையாமல் ஓடினால் ஏறக்குறைய 9 யூனிட். வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் இலவசம் என்பதால் பலருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அடாப்டரை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் அடாப்டரின் முனை அழகாக நுழையும், பெட்டிதான் போய்விடும்.

இங்கே வரைக்கும் வீட்டுக்குள். வீட்டை விட்டு வெளியே போகும்போது கணக்கு மாறுகிறது.

வீட்டிலிருந்து நாற்பது மீட்டரில் கட்டுத்தறி இருக்கிறது. சினை மாடு கன்று போடும் நாள்களில் மாமா ராத்திரியில் நான்கு தடவை எழுந்து போய்ப் பார்ப்பார். அங்கே ஒரு வைஃபை கேமரா வைத்தால் படுக்கையிலிருந்தே பார்க்கலாம். கேட் 6 என்னும் லேன் கேபிளில் 100 மீட்டர் வரைக்கும் வேகம் குறையாமல் போகும், ஆகவே தூரம் ஒரு தடையில்லை. தடை இடி. சித்திரை வைகாசியில் எங்கள் பக்கம் மழை குறைவு, இடி அதிகம். மின்னல் நேராக விழ வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் எங்காவது விழுந்தால், வெளியில் நீளமாகக் கிடக்கும் செப்புக் கம்பியில் மின்னழுத்தம் எகிறிவிடும். முன்பு ஒரு தோட்டத்தில் வேலியோரமாக நான் இழுத்துக் கொடுத்த லேன் கேபிள் ஒரு கோடை மழையில் இரண்டு முனையிலும் இருந்த கருவிகளைத் தீய்த்துவிட்டது. அந்தக் கேபிளுக்கு அதற்கு முன்பே ஒரு கண்டம் வந்திருந்தது. கிளுவை வேலியை வெட்டிவிட வந்தவர் அருவாளைப் போட்டதில் கம்பியும் சேர்ந்து துண்டாகிவிட்டது. கிளுவைக்குள் பச்சைக் கொடியோடு கொடியாகக் கிடந்த கம்பி அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? வேலியில் கட்டியது என் தப்பு.

ஆகவே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போவதென்றால் ஃபைபர் கேபிளைத்தான் சொல்வேன். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. வீட்டுப் பக்கம் லேனை ஒளியாக மாற்றும் ஒரு மீடியா கன்வர்ட்டர், கட்டுத்தறிப் பக்கம் ஒரு மீடியா கன்வர்ட்டர், நடுவில் ஃபைபர். இரண்டும் ஜோடியாக வாங்க வேண்டியவை, ஒன்று ஏ, மற்றது பி. இரண்டும் ஏ-வாக வந்தால் பேசிக்கொள்ளாது. முனை போட்டுத் தர உங்கள் ஊர் கேபிள் இணைப்புக்காரரிடமே கருவி இருக்கும். கேபிளுக்குள் தாங்குவதற்கு இரும்புக் கம்பி வைத்த வகையும் உண்டு, நார் வைத்த வகையும் உண்டு. இரும்பு இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். மாமா தோட்டத்தில் அதைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தோம். அந்த முனையில் உட்கார்ந்திருப்பது மறுபடியும் ஒரு பழைய ரவுட்டர்தான், மாமாவின் தம்பி வீட்டிலிருந்து வந்தது. தூசியும் சாணப் புழுக்கமும் புகாமல் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துக் கூரைக்கடியில் மாட்டியிருக்கிறோம். தகர டப்பாவில் வைத்தால் சிக்னல் வெளியே வராது.

சரி, கேபிளே போட முடியாத இடம் என்றால்? அங்கே மூன்று வழி சொல்வார்கள்.

முதலாவது, அதே பழைய ரவுட்டரை ரிப்பீட்டராக மாற்றுவது. கம்பி இல்லாமல் புது ரவுட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி வீசும். கேட்கும்போது இதுதான் எல்லாருக்கும் பிடிக்கிறது, எனக்குப் பிடிக்காததும் இதுதான். ஒரே ரேடியோ வாங்கவும் வேண்டும், வீசவும் வேண்டும். ஆகவே வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பழைய பெட்டிகளில் இதற்கான தேர்வுக்கு டபிள்யூடிஎஸ் என்று பெயர். ஒரு நிறுவனத்தின் டபிள்யூடிஎஸ் இன்னொரு நிறுவனத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. இரண்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். புது ரவுட்டர் தானாகச் சேனலை மாற்றிக்கொண்டால் அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் பழைய ரவுட்டர் இதைச் செம்மையாகச் செய்யும். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூல நிரல் வெளியானதிலிருந்து 2004 வாக்கில் பிறந்த மென்பொருள் அது, இன்றும் புதுப்பித்து வருகிறார்கள். ஆனால் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் என்று நினைவகம் குறைவாக உள்ள சின்னப் பெட்டிகளில் புதிய பதிப்பு ஏறாது. நம் அட்டாலிகளில் கிடப்பவற்றில் பாதி அந்த வகை. இதில் ஆர்வம் உள்ளவர்கள் செய்து பாருங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம். அம்மாயி நம்பியிருக்கும் இணைப்பில் நான் செய்ய மாட்டேன்.

இரண்டாவது, கடை எக்ஸ்டெண்டர். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும், சுவர் பிளக்கில் மாட்டினால் வேலை முடிந்தது. 2.4, 5 இரண்டு அலைவரிசையும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்றில் வாங்கி மற்றதில் வீச முடிந்தால் வேகம் அவ்வளவு குறையாது. வாங்கியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, சிக்னல் இல்லாத அறையிலேயே அதைக் கொண்டுபோய் மாட்டுவது. இல்லாத சிக்னலை அது எங்கிருந்து வாங்கும்? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவழியில், சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும்.

மூன்றாவது மெஷ். இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே குடும்பமாகப் பேசிக்கொள்ளும், போனையும் நல்ல பெட்டிக்கு மாறச் சொல்லித் தூண்டும். மாடி வீடு, நிறையப் பேர், எல்லாரும் போனோடு நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்றால் ஐயாயிரத்துக்கு மேல் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. கனமான கல் சுவர் வீட்டில் மெஷ்ஷும் கம்பியில்லாமல் திணறும். அங்கேயும் பெட்டிகளைக் கேபிளில் இணைத்தால்தான் முழுப் பலன். கேபிள் போட முடிகிற வீட்டில் அந்த ஐயாயிரத்துக்குப் பெரும்பாலும் தேவையே வராது.

மின்கம்பி வழியாக இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டரையும் கேட்கிறார்கள். த்ரீ பேஸ் வீட்டில் ஒரு அறை ஒரு பேஸிலும் அடுத்தது வேறு பேஸிலும் இருந்தால் நம்பிக்கையாக ஓடாது. கிணற்று மோட்டார் ரூமுக்கு இணையம் கொண்டுபோக அது சுத்தமாக உதவாது. விவசாய இணைப்பு தனி, வீட்டு இணைப்பு தனி, இரண்டு கம்பியும் வீட்டுக்குள் எங்கேயும் சேருவதில்லை.

பழைய பெட்டியைப் பயன்படுத்துகிறவர்கள் பாதுகாப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பத்து வருஷப் பெட்டிக்கு யாரும் புதுப்பிப்பு அனுப்புவதில்லை. 2017-இல், வைஃபைக்குப் பூட்டுப் போடும் டபிள்யூபிஏ2 முறையிலேயே ஓட்டை கண்டுபிடித்து வெளியிட்டார்கள், அதற்கான திருத்தம் பல பழைய பெட்டிகளுக்கு வரவே இல்லை. ஆனாலும் புது ரவுட்டருக்குப் பின்னால் ஆக்சஸ் பாயின்ட்டாக மட்டும் இருப்பதால், வெளியுலகத்திலிருந்து நேரே அதைத் தட்ட முடியாது. அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், கடவுச்சொல் இல்லாமல் பொத்தானிலோ பின் எண்ணிலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று வையுங்கள். டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு மட்டும் உள்ள பெட்டி என்றால் யோசிக்காமல் மின்கழிவில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பூட்டு 2001-லேயே உடைந்துவிட்டது.

வாடகை வீட்டுக்காரர்கள் கதை வேறு. திருப்பூரில் என் நண்பர் ஒருவர் லைன் வீட்டில் இருக்கிறார். வரிசையாக எட்டு வீடு, எட்டு வைஃபை, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சேனலும் காலியில்லை. அங்கே ரிப்பீட்டர் வைப்பது கூட்டத்தில் இன்னொருவர் கத்துவது போலத்தான். சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். தட்டையான லேன் கேபிள் ஒன்றை ஜன்னல் சட்டத்தோரமாகவும் கதவுக்கடியிலும் விட்டு, பின் அறையில் அவருடைய பழைய ரவுட்டரை வைத்தோம். முதலில் ஒரு நாள் முழுக்க தரையிலேயே கேபிளைப் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஒட்டினோம். எந்த வீட்டிலும் துளைக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

மாமா தோட்டத்தில் மிச்சம் இருப்பது கிணற்றடி மோட்டார் ரூம், இருநூற்றைம்பது மீட்டர். நேர்கோட்டில் பார்வை தெரிந்தால் இரண்டு முனையிலும் திசை ஆண்டெனா வைத்துக் காற்று வழியாகவே அனுப்பலாம். ஆனால் நடுவில் தென்னை நிற்கிறது, மழையில் நனைந்த மட்டை சிக்னலைக் குடித்துவிடும். ஆகவே அங்கேயும் ஃபைபர் என்று முடிவாகியிருக்கிறது. வாய்க்காலோரம் குழி வெட்டுவது தை அறுவடைக்குப் பிறகு என்று மாமா சொல்லியிருக்கிறார். அந்த முனையில் வைப்பதற்கான ரவுட்டர் இப்போதே அட்டாலியில் துடைத்து, டிஹெச்சிபி அணைத்து, 192.168.1.4 என்று மேலே எழுதி வைத்திருக்கிறது.